கார்த்திகையில் வடக்கே போன மிதவை

“நெல்லூரைத் தாண்டிடுச்சுப்பா” என்று சொல்லிவிட்டுத் தமயந்தி குளிக்கப் போனாள். கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது, வாளியின் அடியில் குழாய்த் தண்ணீர் தடதடவென்று கொட்டத் தொடங்கியது. காபி டம்ளரை உதடுவரை கொண்டுபோன கோதண்டபாணி அப்படியே நிறுத்தினார். நெல்லூரையா? போன வாரம் பழவேற்காடு என்றாள், நடுவில் ஸ்ரீஹரிகோட்டா என்றாள், அவரும் தலையாட்டினார், பெரிய மனுஷன் மாதிரி “பரவாயில்லையே” என்றுகூடச் சொன்னார். நெல்லூர் வடக்கே இருக்கிறது. இது கார்த்திகை மாதம். ஜன்னலுக்கு வெளியே மடிப்பாக்கம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது, வாடைக்காற்று கதவிடுக்கில் நுழைந்து காலைப் பிடிக்கிறது, இந்த மாதத்தில் கரையோரக் கடல் தெற்கே பார்த்துத்தான் ஓடும். ஐப்பசியில் திரும்பினால் மார்கழிவரை அதற்கு வேறு நினைப்பே கிடையாது. தை போய் மாசி பிறந்த பிறகுதான் மனசு மாறி வடக்கே கிளம்பும். இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் கடலியல் படித்திருக்க வேண்டும் என்றால், கோதண்டபாணி படித்திருக்கிறார். படித்ததை வைத்துச் சம்பளம் வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றிருக்கிறார். அப்படியிருந்தும் ஐப்பசி முழுக்க இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வடக்கே போகிறது, வடக்கே போகிறது என்று மகள் சொன்னதையெல்லாம் காபியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார்.

அது அவருடைய மிதவை. அவருடையது என்றால் அரசாங்கத்துடையதுதான். ஆனால் வேலையில் இருந்த கடைசிக் கப்பல் பயணத்தில், கடைசி மிதவையை அவர் கையில் கொடுத்து, “சார், இதை நீங்க போடுங்க” என்றார்கள். தர்பூசணி அளவுக்கு ஒரு வெள்ளைப் பந்து, அதன் அடியில் நீளமான கயிறு, கயிற்றின் நுனியில் ஓட்டை ஓட்டையாக வைத்துத் தைத்த பெரிய துணிக்குழாய். கப்பலில் அந்தத் துணிக்குப் பாவாடை என்று பெயர். பந்து மேலே மிதந்து, தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பாவாடை ஆழத்தில் தொங்கி நீரோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் போகிற பக்கம்தான் மிதவை போகும், காற்று என்ன தள்ளினாலும் அதிகம் மசியாது. பாவாடை அறுந்துவிட்டால் போச்சு. பந்து மட்டும் காற்றடித்த பக்கம் ஓடும். ஆனால் செய்தி அனுப்புவதை நிறுத்தாது, தண்ணீரோடுதான் போகிறேன் என்று கூசாமல் சொல்லிக்கொண்டே ஓடும். எது தண்ணீரோடு போகிறது, எது சும்மா காற்றோடு போகிறது என்று தரம் பிரிப்பதுதான் அலுவலகத்தில் கோதண்டபாணியின் வேலை. இரக்கமே பார்க்க மாட்டார். எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் போட்ட மிதவையாக இருந்தாலும், பாவாடை போய்விட்டதா, தள்ளிவை என்பார். அதனால் அவருக்குப் பின்னால் ‘போலீஸ்’ என்றுதான் சொல்வார்கள். அது அவருக்குத் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்பேர்ப்பட்ட போலீஸின் வீட்டில், அதுவும் அவர் காதுக்குள்ளேயே, தினம் காலையில் திருட்டு நடந்திருக்கிறது.

திருட்டு என்று எப்படிச் சொல்வது, இரு, அவசரப்படாதே என்று தன்னையே அடக்கினார். பெற்ற பெண். ஒரு மிதவை மாதம் தப்பி வடக்கே போவதற்கு வழியே இல்லையா என்ன? சுழல் இருக்கிறது. கடலுக்குள்ளே பெரிய பெரிய சுழல்கள், அவற்றின் ஓரத்தில் மாட்டினால் எல்லாரும் தெற்கே போகும்போது ஒன்று மட்டும் வடக்கே போகும், அவரே பார்த்திருக்கிறார். ஆனால் சுழல் என்றால் சுற்ற வேண்டும், இத்தனை வாரம் கரையைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் போகாது. சரி, பாவாடை அறுந்திருக்கலாம். அறுந்தால் காற்றோடு போகும், காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, அதுவும் தெற்கே, கரைப்பக்கம்தான் தள்ளும். தண்ணீரும் தெற்கே, காற்றும் தெற்கே. சரி, ஏதாவது மீன்பிடிப் படகு பார்த்துத் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிருக்கலாம், அது வழக்கமாக நடப்பதுதான், பளபளவென்று ஒரு பந்து மிதந்தால் யார்தான் விடுவார்கள். படகு என்றால் ஒரே ராத்திரியில் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். இப்படி ஒரு வாரத்துக்கு ஓர் ஊர் என்று நடை பழகாது. சுழல் இல்லை, காற்று இல்லை, படகு இல்லை. மிச்சம் யார்? குளியலறையில் மக் வாளியில் இடித்தது, தண்ணீர் உடம்பில் விழுந்து தரையில் சிதறியது. கடலூர், புதுச்சேரி, மகாபலிபுரம், சென்னை, எண்ணூர், பழவேற்காடு. ஈ.சி.ஆர். பஸ் மாதிரி ஒரு நிறுத்தம் விடாமல் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஊர்கள். பாவம், நெல்லூருக்கு மேலே என்ன ஊர் என்று இனிமேல்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு, கழுத்தில் கொஞ்ச நாளாக இருக்கும் அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வியாதி கண்ணுக்குள் ரத்தத்தைக் கசியவிட்டது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், மிஞ்சியது எண்ணெய்த்தாள் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. ஆள் தெரியும், முகம் தெரியாது. போன் தெரியும், எழுத்து தெரியாது. மாப்பிள்ளை மஸ்கட்டில் இருப்பதால் இங்கேயே வந்துவிட்ட தமயந்திதான், “உங்க பொண்ணு எங்க இருக்கான்னு பாக்கட்டுமாப்பா?” என்று காலையில் போனில் இணையதளத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். மிதவை அவளுக்குத் தங்கச்சியாம். முதலில் எண்களாகத்தான் படித்தாள். பதின்மூன்று புள்ளி நாலு, எண்பத்தேழு புள்ளி ஒண்ணு என்று, கணக்கு வராத பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. அட்சரேகை எது, தீர்க்கரேகை எது என்று மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவாள். “இன்னிக்கும் அதே எடத்துல வட்டம் போடுதுப்பா, போரடிக்குது” என்று சலித்துக்கொள்வாள். ஆமாம், உண்மையான மிதவை அப்படித்தான் இருக்கும். போகும், நிற்கும், கோபித்துக்கொண்ட மாதிரி திரும்பும், நாள் கணக்கில் ஒரே இடத்தில் வட்டம் போட்டு ஆளைச் சலிப்படைய வைக்கும். அவள் எண்களை விட்டுவிட்டு ஊர்ப்பெயர் சொல்ல ஆரம்பித்தது எப்போது? பரவாயில்லை, வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்று தான் சந்தோஷப்பட்டது எப்போது? அதற்குப் பிறகு அந்த மிதவை ஒரு நாளாவது திரும்பியிருக்கிறதா, ஒரு வட்டம் போட்டிருக்கிறதா? இல்லை. நல்ல பிள்ளையாக, தினம் கொஞ்சம் கொஞ்சம், அவர் மனசுக்குப் பிடித்த திசையில். எப்போது? புரட்டாசியிலா? புரட்டாசிக்கு முன்னாலேயே. ஆவணி கடைசி. ஆவணி கடைசியில் என்ன, ஆவணி கடைசியில் ஒன்றுமில்லை, மழைகூட இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம்.

அந்த இடத்துக்கு வந்ததும் மனம் சட்டென்று வேறு பக்கம் ஓடியது. அடுப்படியில் மனைவி லோகாம்பாள் அடை வார்க்கிறாள், பெருங்காய வாசனை வருகிறது, தோசைக்கல்லில் கரண்டி கரகரக்கிறது. நல்ல வாசனை. எதிர் வீட்டுக்காரன் ஸ்கூட்டரைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போகிறான், யாரையோ ஏசுகிறான். நல்ல மழைதான். காபியைக் குடிக்கலாம். குடித்தார். இனித்தது. நாக்கில் நிறுத்தி வைத்துப் பார்த்தார், சந்தேகமே இல்லை, இனித்தது.

“லோகா, காபில சர்க்கரை போட்டியா?”

“அரை ஸ்பூன்தாங்க.”

“எப்பலேருந்து?”

கரண்டிச் சத்தம் கொஞ்சம் தயங்கியது. “ஏன், நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்பக் குடிங்களேன். ஒண்ணும் ஆயிடாது.”

ஒண்ணும் ஆயிடாது. இத்தனை வருஷமாக ஒரு துண்டு மைசூர்பாகுக்காக அவரைத் திருடனைப்போல் துரத்தியவள். கல்யாண வீட்டில் ஜாங்கிரி எடுத்த கையைச் சபையில் வைத்துத் தட்டிவிட்டவள். பழம் நறுக்கினால் அவருக்கு மட்டும் கொய்யாக்காய்தான், அதுவும் காயாகப் பார்த்து. தீபாவளிக்கு அவளே தட்டில் அதிரசம் வைத்தாள், இன்னொன்று வேண்டுமா என்றாள். வயதானால் மனுஷிக்குக் கோபம் குறைகிறது என்று நினைத்துக்கொண்டார், முட்டாள். காலில் நகம் வெட்டிவிட்டாள். ராத்திரி அவர் இருமினால் உடனே விளக்கைப் போட்டாள். கும்பகோணத்திலிருந்து தம்பி ஒரு காரணமும் இல்லாமல் வந்து, ஒரு காரணமும் இல்லாமல் அவர் கையைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பாகப்பிரிவினையிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன். “உடம்பப் பாத்துக்கண்ணா” என்று சொல்லும்போது மூக்கை உறிஞ்சினான். சளி என்றான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சளி. இந்த வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாகிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தமயந்தி அவரை வெளியே உட்கார வைத்தாள். கழுத்தில் ஊசி வைத்து எடுத்த சோதனையின் முடிவு வந்திருந்தது. “நீங்க இருங்கப்பா, உள்ள ஒருத்தர்தான் போகணுமாம்” என்றாள். இரும்பு நாற்காலி சில்லென்று இருந்தது. எதிரில் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது, சமையல் நிகழ்ச்சி, யாரோ கத்தரிக்காயைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் வெந்து, தாளித்து, பரிமாறி, அடுத்த நிகழ்ச்சியும் தொடங்கிய பிறகு அவள் வெளியே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஈரமாக இருந்தது, முகம் கழுவிக்கொண்டு வந்திருப்பாள் போல என்று தோன்றியது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. “சாதாரணக் கட்டிதான்ப்பா. மாத்திரை குடுத்திருக்காங்க, கரைஞ்சுடுமாம்.” குரல் கொஞ்சம் தூக்கலாக, சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவர் நம்பினார். வரும் வழியில் ஆட்டோவில் அவரே கேட்டார், “இன்னிக்கு மிதவையைப் பாக்கலையே, எங்க இருக்கு?” அவள் போனை எடுத்தாள். ஆட்டோ ஒரு சிக்னலில் நின்று கிளம்பியது. பிறகு சொன்னாள், “கடலூருக்கு நேரா வந்திருக்குப்பா.” அதே குரல். தூக்கலாக, சந்தோஷமாக. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் எண் சொல்லவில்லை. அன்றைக்குத்தான். மிதவையின் பாட்டரி தீர்ந்து போயிருக்கும், அல்லது தண்ணீர் புகுந்திருக்கும், இத்தனை நாள் உயிரோடு இருந்ததே அதிசயம், அது செத்துப்போனதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை. சொல்லியிருந்தால், “சரி, நல்லா உழைச்சுது” என்று விட்டிருப்பார். மிதவை நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு அவளால் ஏன் முடியவில்லை? அதைச் சொல்ல முடியாத அளவுக்கு உள்ளே என்ன கேட்டுவிட்டு வந்தாள்?

அதைவிடப் பெரிய அவமானம் ஒன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தார், ஆனாலும் நினைத்தார். ஐப்பசியில் ஒரு நாள் காலையில், “அப்பா, சென்னைக்கு நேரா வந்திருக்கு, பீச்லேருந்து கையை நீட்டினா தொட்டுடலாம்” என்று சொன்னாள். அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். கூட்டிக்கொண்டு போ என்று அடம் பிடித்தார். பெசன்ட் நகரில் ஈர மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், ஒரு பக்கம் லோகா, ஒரு பக்கம் தமயந்தி. எதிரில் சாம்பலாக ஏதோ அசைந்தது, அது கடல் என்று சத்தத்தை வைத்துத் தெரிந்தது. அதற்குள் எங்கேயோ தன் கையால் போட்ட மிதவை வந்து நிற்கிறது, வங்காள விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்கிறது என்று நெஞ்சு விம்மியது. கையைத் தூக்கி ஆட்டினார். ஆமாம், ஆட்டினார், ஊரே பார்க்க, இல்லாத ஒன்றைப் பார்த்து. “வந்துட்டியா, போயிட்டு வா” என்று சத்தமாகச் சொன்னார். அப்போது பக்கத்தில் தமயந்தி விசும்பினாள். தன் சந்தோஷத்தில் பங்கெடுத்துக்கொள்கிறாள் என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தலையைத் தடவிக் கொடுத்தார்! இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இரண்டு பேருக்கும் தெரியும், அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லையென்று. இரண்டு பேரும் அவரைப் பிடித்து நிறுத்தி, அவர் கையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அழுதவள் அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே. மறுநாள் காலையில் வந்து “எண்ணூர்ப்பா” என்றாளே. சின்னக் குழந்தைக்குக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்கிற மாதிரி, அவர் காதில் தினம் ஒரு முழம் பூ சுற்றினாளே.

கோபம் வந்தது. நல்ல கோபம். டம்ளரைத் தரையில் வைத்தார். அவருடைய உடம்பு, அவருடைய கழுத்து, அவருடைய நாள். அதைப் பற்றிய சேதி மஸ்கட்வரை போயிருக்கும், கும்பகோணம் போய் வந்திருக்கிறது, ஒருவேளை மருந்துக்கடைக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். இந்த நாற்காலிக்கு மட்டும் வரவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார், இங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். ஆனால் தெரிந்து உட்கார்ந்திருப்பார். நாளைக்கு என்று நினைத்துத் தள்ளிப்போடாமல் தம்பியிடம் அந்தப் பாகப்பிரிவினையைப் பற்றி இரண்டு வார்த்தை நிறுத்திப் பேசியிருப்பார். கண்ணுக்கு அடுத்த ஊசி தை மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று இவர் சொன்னபோது, “போட்டுக்கலாம்ப்பா, தாராளமா” என்றாளே, அந்தத் தாராளம்! அவளை மட்டும் நம்பியிருந்தார். கண் போன பிறகு உலகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை அவள் வாயால்தான் பார்த்தார். படியில் தண்ணீர் இருக்குப்பா, அது ஐந்நூறு ரூபாய்ப்பா, மாத்திரை சிவப்பு இல்ல வெள்ளைப்பா. எதையும் சரிபார்க்க அவரிடம் வேறு கண் இல்லை. எல்லாவற்றிலும் கை வைக்கலாம், இதில் கை வைக்கலாமா?

ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று மெல்ல அசைந்தது. மிதவை பொய் என்பதால் கட்டியும் பொய் என்று யார் சொன்னது? மிதவை நின்றுபோனது வேறு, டாக்டர் சொன்னது வேறு. கிழவன் வருத்தப்படுவான் என்று மிதவையை மட்டும் மறைத்திருக்கலாம். கட்டி நிஜமாகவே சாதாரணக் கட்டியாக இருக்கலாம். அரை ஸ்பூன் சர்க்கரையும் வயதான மனைவியின் பிரியமாகவே இருக்கலாம். தம்பிக்கு நிஜமாகவே சளியாக இருக்கலாம். இருக்கலாமா? போலீஸ்காரர் சாட்சிகளை எண்ணிப் பார்த்தார், எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாரையும் விடுதலை செய்துவிட விரும்பினார். பேசாமல் இருந்துவிடலாம். நாளைக்கு அவள் ஓங்கோல் என்பாள், அடுத்த மாதம் விசாகப்பட்டினம் என்பாள், பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு இனிப்புக் காபியைக் குடிக்கலாம். மிதவையைப் பற்றிக் கேட்டால் அவள் உடைந்துவிடுவாள். உடைந்தால் பின்னாலேயே அதுவும் வந்துவிடும். இந்த ஒன்றைக் கேட்காமல் இருக்கும்வரை அந்த இன்னொன்று சாதாரணக் கட்டி. ஆனால் கேட்காமல் இருந்தால் நாளைக்கு அவள் சொல்வது எதை நம்புவது? குளிரவில்லை என்றால் குளிரவில்லையா, விடிந்துவிட்டது என்றால் விடிந்துவிட்டதா? அவளோடு இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது? கேட்கக் கூடாது என்று முடிவு செய்தார். மக் வாளிக்குள் விழுந்த சத்தம் கேட்டது, தண்ணீர் நின்றது, வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது, மழை மட்டும் கேட்டது.

தாழ்ப்பாள் விலகியது. சோப்பு வாசனையும், தலையில் துண்டு சுற்றிய ஓர் உருவமும் வெளியே வந்தன. எண்ணெய்த்தாளுக்கு அந்தப் பக்கம் அது முகமா, முதுகா என்று தெரியவில்லை.

“என்னப்பா, காபியைக் கீழ வெச்சுட்டீங்க? ஆறிடுச்சா? அம்மாவைச் சூடு பண்ணச் சொல்லட்டுமா?”

“பாப்பா.”

“சொல்லுங்கப்பா.”

“அது எப்ப நின்னுச்சு?”

“எது?”

“மிதவை.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. தமயந்தியின் தலையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அடை தீய்கிற வாசனை வந்தும் அங்கே யாரும் அசையவில்லை.

“ஆவணிலப்பா” என்றாள். குரல் தூக்கலாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. பல நாளைக்குப் பிறகு அவளுடைய குரலாக இருந்தது. “சொல்லிடணும்னுதான் நினைச்சேன். அன்னிக்குப் போய் அதையும் எப்படிச் சொல்றதுன்னு…”

“அதையும்னா?”

அவள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

“சரி, வா. ஈரத்தோட நிக்காத, இப்படி வந்து உட்காரு. உன்னை இன்னொண்ணு கேக்கணும்.”

“சாதாரணக் கட்டிதான்ப்பா” என்றாள் தமயந்தி. “சத்தியமா, சாதாரணக் கட்டிதான்.”

அவர் இன்னும் கேட்கவே இல்லை.